எந்த நாளில் எடுத்த ரத்தம்? குரங்குக் காய்ச்சலில் நான் பட்ட பாடு

மலைநாட்டுக் காடுகளை ஒட்டிய ஊர்களில் வேலை செய்துவிட்டு, அந்தக் காட்டு நோயைப் பற்றிக் கேள்வியே படாத ஊருக்குத் திரும்பி வந்து காய்ச்சலில் படுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் மங்கன காயிலெ என்றும் தமிழில் குரங்குக் காய்ச்சல் என்றும் சொல்லப்படும் கியாசனூர் வன நோய் எனக்கு வந்தது. அது அந்த நோய்தான் என்று உறுதியாவதற்குள் ஒரு மாதத்திற்கு மேல் ஓடிவிட்டது. ஏறத்தாழ 90,000 ரூபாய் கரைந்துவிட்டது. பணம் போனதைவிட என்னை அதிகம் வாட்டியது, அந்த ஒரு மாதமும் என்ன நோய் என்று தெரியாமலேயே கிடந்ததுதான். திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு தாள் வந்தது, ஒவ்வொரு தாளும் வேறொரு நோயின் பெயரைச் சொன்னது. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனையின் முடிவை, எந்தக் கிருமியைத் தேடினார்கள், காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் ரத்தம் எடுத்தார்கள் என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பதை எனக்கு எடுத்துச் சொல்ல அப்போது ஆள் இல்லை.

எங்கள் குடும்பம் சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தொழில் செய்யும் குடும்பம். சில ஆண்டுகளாகச் சிவமொக்கா மாவட்டத்தின் சாகர் வட்டத்தில் ஒரு பாக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, ஆண்டின் பாதியை அங்கேயே கழிக்கிறேன். அந்தப் பகுதியில் ஒவ்வொரு பாக்குத் தோப்புக்கும் மேலே சொப்பின பெட்டா எனப்படும் ஒரு காட்டுத் துண்டு இருக்கும். தோப்புக்கு வேண்டிய தழையும் மாட்டுத் தொழுவத்தில் பரப்ப வேண்டிய சருகும் அங்கிருந்துதான் வரும். தை பிறந்ததும் சருகு நன்றாகக் காய்ந்துவிடும். பெண்கள் அதைக் கூட்டி அள்ளிப் பெரிய மூட்டைகளாகத் தலையில் சுமந்து வருவார்கள். நோயைப் பரப்பும் உண்ணியின் இளம்பருவம் பெருகுவதும் அதே பருவத்தில்தான். அந்தச் சின்ன உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கணுக்காலிலோ இடுப்புத் துணியின் மடிப்பிலோ ஒட்டிக்கொண்டால் கடித்தது கூடத் தெரியாது. டிசம்பர் முதல் மே வரை நோய் தலைகாட்டும் காலம் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. 1957-இல் இதே மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாக இறந்து, பக்கத்துக் கிராமங்களில் மக்களும் காய்ச்சலில் விழுந்தபோதுதான் இந்த வைரஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சுகாதாரத் துறை கொடுத்த, உண்ணியை விரட்டும் டெபா எண்ணெயைக் கைகாலில் பூசிக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் காட்டுக்குள் போனோம். எண்ணெய் ஆபத்தைக் குறைக்கும். வேர்வையில் வழிந்த பிறகு மீண்டும் பூசாவிட்டால் அதற்கும் பயன் இருக்காது.

பிப்ரவரியில் எங்கள் தோப்பின் மேல் ஓரத்தில் ஒரு கருமுகக் குரங்கு செத்துக் கிடந்தது. ஊர்க்காரர்கள் உடனே சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார்கள், ஆட்கள் வந்து சுற்றிலும் மருந்துத் தூள் தூவினார்கள். அதற்குள் நிலப் பதிவு வேலை ஒன்றுக்காக நான் பெங்களூரு வழியாகச் சேலத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். மகளின் பிரசவத்துக்காக மனைவி ஓசூரில் இருந்தாள். வீட்டில் நான் மட்டும். ஊர் சேர்ந்த சில நாட்களில், ஒரு மாலை வேளையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் காய்ச்சல் பாய்ந்தது. உண்ணி கடித்து மூன்று முதல் எட்டு நாட்களுக்குள் இந்தக் காய்ச்சல் தொடங்கும் என்பதைப் பின்னால் படித்தபோது கணக்கு அப்படியே பொருந்தியது. நெற்றிக்குப் பின்னால் இடித்துக்கொண்டே இருக்கும் தலைவலி, கண் இரண்டும் ரத்தச் சிவப்பு, இடுப்பையும் ஆடுசதையையும் பிழிந்தெடுக்கும் வலி. சளியோ இருமலோ இல்லை. குடிக்கத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

முதலில் போனது தெருமுனைக் கிளினிக்குக்கு. அங்கே எடுத்த வைடால் பரிசோதனையில் டைபாய்டு என்று வந்தது, ஊசி மருந்து தொடங்கிவிட்டார்கள். வைடால் என்பதும் ஓர் ஆன்டிபாடி பரிசோதனைதான். டைபாய்டு பரவலாக இருக்கும் நம் நாட்டில், முன்பு எப்போதோ வந்துபோன தொற்றினாலோ தடுப்பூசியினாலோ நலமாக இருப்பவரின் ரத்தத்திலும் அந்த ஆன்டிபாடி ஓரளவு இருக்கலாம். வேறு காய்ச்சலின்போதும் அது தவறாகக் காட்டலாம். ஒரே ஒரு முறை எடுத்த வைடாலை மட்டும் நம்பி டைபாய்டு என்று முடிவு கட்டுவது பாதுகாப்பானதல்ல. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர்தான் நம்பகமானது, அதையும் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். எனக்கு ஊசி போட்ட பிறகுதான் கல்ச்சர் பற்றிய பேச்சே எழுந்தது. காய்ச்சல் இம்மியும் குறையவில்லை.

வாரக் கடைசியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். தட்டணுக்கள் குறைந்திருந்தன, வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன, கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. சேலத்தில் அந்தத் தாளைப் பார்க்கும் எவரும் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குரங்குக் காய்ச்சலிலும் இந்த மூன்றும் அப்படியேதான் இருக்கும். டெங்கு அட்டைப் பரிசோதனையில் டெங்கு வைரஸின் புரதமான என்எஸ்1 இல்லை, ஐஜிஎம் இல்லை, ஐஜிஜி மட்டும் இருக்கிறது என்று வந்தது. அந்த ஐஜிஜி-யைக் கொண்டு, இது இரண்டாம் முறை வந்த டெங்கு என்று எழுதிவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் முழுதாக வழிதவறிய இடம் இதுதான். தொற்று வந்தால் உடல் முதலில் உருவாக்கும் ஆன்டிபாடி ஐஜிஎம். அது இருந்தால் நோய் அண்மையில் வந்தது என்று பொருள். ஐஜிஜி பின்னால் ஏறி ஆண்டுக்கணக்கில் நிற்கும். அது மட்டும் இருந்தால், எப்போதோ ஒரு காலத்தில் அந்தக் கிருமியையோ அதன் உறவுக் கிருமியையோ உடல் சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா, கியாசனூர் வன நோய் எல்லாமே பிளேவிவைரஸ் என்னும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு எதிராக உருவான ஐஜிஜி மற்றொன்றின் பரிசோதனையில் ஒட்டிக்கொண்டு பாசிட்டிவ் காட்டக்கூடும். தமிழ்நாட்டில் வளர்ந்த என் வயதுக்காரர்களில் பலருக்குத் தெரியாமலேயே ஒருமுறை டெங்கு வந்துபோயிருக்கும். ஆகவே என் ஐஜிஜி பழைய டெங்குவினுடையதாகவும் இருக்கலாம், குரங்குக் காய்ச்சலின் சாயலாகவும் இருக்கலாம். அதை வைத்து இன்றைய காய்ச்சலுக்குப் பெயர் வைக்க முடியாது என்பதை நான் மருத்துவத் தாள்களைத் தோண்டிப் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டேன்.

செத்த குரங்கைப் பற்றிச் சேர்ந்த அன்றே சொன்னேன், மறுநாள் வந்த பணி மருத்துவரிடமும் சொன்னேன். குரங்கு என்றதும் குரங்கு அம்மையை நினைத்துக்கொண்டு தோலில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். காடு என்றதும் ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எடுத்தார்கள், அது நெகட்டிவ். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஸ்க்ரப் டைபஸைத்தான். அது ஒரு வகைப் பாக்டீரியாவால் வருவது, டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படுவது, அதன் பரிசோதனை குரங்குக் காய்ச்சலைக் காட்டாது. சேர்க்கைப் படிவத்தில் வெளிநாட்டுப் பயணம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் இல்லை என்று எழுதினார்கள். சாகர் என்ற பெயர் என் கோப்பில் எங்குமே பதிவாகவில்லை. வாயால் சொன்னது மருத்துவர்கள் மாறும்போது காற்றோடு போய்விடுகிறது. ஆகவே எந்த ஊர், எந்தக் காடு, எந்தத் தேதியில் புறப்பட்டது, குரங்கு இறப்பு இருந்ததா, காய்ச்சல் எந்த நாள் மாலை தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் தானாகவே தணிந்தது, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். செலவில் பெரும்பகுதி அந்த மருத்துவமனைக் கட்டணம்தான். உடம்பில் ஒரு துளித் தெம்பில்லை என்றாலும் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியில் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் திரும்பியது. இம்முறை தலைவலியோடு கழுத்து விறைத்தது, வெளிச்சம் பட்டால் கண் கூசியது, டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. அந்த இரவு நான் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பச்சைப் பிள்ளையோடு இருப்பவர்களைக் கலங்கடிக்கக் கூடாது என்று ஓசூருக்குப் போன் செய்யாமல் விடியும்வரை அழுதுகொண்டு கிடந்தேன். நோயாளிகளில் பத்தில் ஒருவர் இருவருக்கு இப்படி இரண்டாம் கட்டம் வரும், அது மூளையையும் நரம்பையும் தொடும் என்று ஒரே ஒருவர் முன்பே சொல்லியிருந்தால், நிம்மதியாகப் படுத்துக் கிடக்காமல் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பேன்.

காலையில் சாகரிலிருந்து போன் வந்தது. எங்கள் தோப்பில் சருகு அள்ளும் பெண்ணுக்கு அரசு ஆய்வகத்தில் குரங்குக் காய்ச்சல் உறுதியாகியிருந்தது. அவர் கணவர் என் எண்ணை அந்த ஊரின் சுகாதாரப் பணியாளரான ஆஷா பணியாளருக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மா கன்னடத்தில் கேட்ட முதல் கேள்வியே, ‘அண்ணா, காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?’ என்பதுதான். இத்தனை நாட்களில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அரசு மருத்துவமனைக்குப் போகும்படியும், மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லும்படியும், படிவத்தில் முதல் காய்ச்சலின் தேதியை எழுத வைக்கும்படியும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அரசு மருத்துவமனையில் மூத்த மருத்துவர் ஒருவர் உட்கார வைத்து முழுதாகக் கேட்டார். இந்தப் பரிசோதனை தெருமுனை ஆய்வகத்தில் விலைக்குக் கிடைப்பதில்லை. வைரஸ் ஆபத்து மிகுந்த வகையைச் சேர்ந்தது என்பதால் அதற்கென்று ஏற்பாடு உள்ள ஆய்வகங்கள்தான் செய்யும். மாதிரி சுகாதாரத் துறை வழியாகக் குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்பப்பட வேண்டும். சிவமொக்காவில் அதற்கென்றே அரசு வைரஸ் ஆய்வகம் இருக்கிறது, புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் இந்த நோயைத் தொடக்கம் முதல் ஆராய்ந்து வருகிறது. எனவே எத்தனை ஆயிரம் கொடுக்கவும் தயாராகத் தனியார் ஆய்வகங்களின் படியேறி அலைய வேண்டாம். நேரே அரசு வழியில் கேளுங்கள், எனக்கு அதற்கு ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை.

மாதிரி போனது, ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். என் கை நடுங்கியதால் படிவத்தை வேறொருவர் நிரப்பினார். நோய் தொடங்கிய நாள் என்ற கட்டத்தில் இரண்டாம் காய்ச்சல் வந்த நாளை எழுதிவிட்டார். கீழே நான் போட்ட கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது, மேலே எழுதியிருந்ததைப் படிக்கும் நிலையில் என் கண்ணும் இல்லை. முதலில் வந்த முடிவு பிசிஆர் நெகட்டிவ். காய்ச்சல் தொடங்கிச் சில நாட்களே ஆன ஒருவருக்குப் பிசிஆர் நெகட்டிவ் என்றால் இந்த நோய் இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள், அப்படித்தான் எனக்கும் தொலைபேசியில் சொல்லப்பட்டது. பிசிஆர் தேடுவது வைரஸை. ரத்தத்தில் வைரஸ் நன்றாகக் கிடைப்பது முதல் வாரத்தில், ஏறக்குறைய பத்து நாட்கள் வரை. மூன்றாம் வாரத்தில் எடுத்த ரத்தத்தில் அது இல்லாமல் போவது இயல்பு. ஐஜிஎம் நேர்மாறு: முதல் சில நாட்களில் பெரும்பாலும் இருக்காது, ஐந்தாம் நாளை ஒட்டித் தென்படத் தொடங்கும், பிறகு சில மாதங்கள் நிற்கும். முதல் வாரத்திலேயே ஐஜிஎம் மட்டும் எடுத்து நெகட்டிவ் என்று சொல்வதும், மூன்றாம் வாரத்தில் பிசிஆர் மட்டும் எடுத்து நெகட்டிவ் என்று சொல்வதும் ஒரே அளவுக்கு ஏமாற்றக்கூடியவை. தனியார் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளில் காய்ச்சல் தொடங்கிய தேதி அச்சாகியிருந்தது. அந்த ஒரு வரிக்காக மட்டும் அந்தத் தாளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதைக் காட்டித் தேதியைத் திருத்த வைத்தேன், அதே மாதிரியில் எலைசா முறையில் ஐஜிஎம் பார்த்தார்கள். பாசிட்டிவ்.

அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு வந்தது பயமல்ல, ஆறுதல். இதற்கென்று தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்தையும் ரத்த அணுக்களையும் கவனித்து, ரத்தக்கசிவு வராமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. அப்படியானால் பெயர் தெரிந்து என்ன பயன் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். பயன் நிறைய இருக்கிறது. தேவையற்ற ஆன்டிபயாடிக் நின்றது. ரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடிய வலி மாத்திரைகளை நிறுத்திப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். நடுக்கம் எதனால் என்று புரிந்தது. நரம்பியல் மருத்துவர் என்னை உரிய முறையில் கண்காணித்தார். நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கும் நோய் இது, இரண்டாம் கட்டத்தில் இருப்பவரை டெங்கு தீர்ந்தவர் என்று வீட்டில் கிடக்க விடக் கூடாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது தொற்றுவதில்லை என்று தெரிந்த பிறகுதான் மனைவியை வரச் சொன்னேன்.

இரண்டாவது மாதிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலரும் உடம்பு தேறியதும் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுத்து, முதல் மாதிரியோடு சேர்த்து ஐஜிஜி அளவை ஒப்பிட்டால், அது பழைய தொற்றா இப்போது வந்ததா என்ற ஐயம் தீரும். அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் தொற்று அண்மையது. டெங்குவோடு குழப்பம் நீடித்தால் நியூட்ரலைசேஷன் என்ற நுட்பமான பரிசோதனை உண்டு. அதில் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி எந்த வைரஸை உண்மையில் செயலிழக்கச் செய்கிறது என்று உயிருள்ள வைரஸை வைத்தே பார்ப்பார்கள், சிறப்பு ஆய்வகங்களில் மட்டும்தான் முடியும். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் மாதிரியில் ஐஜிஜி தெளிவாக ஏறியிருந்தது. முன்பு கர்நாடகத்தில் போடப்பட்ட கியாசனூர் தடுப்பூசியையோ ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியையோ எடுத்துக்கொண்டவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அவையும் ஐஜிஜி முடிவைக் குழப்பக்கூடியவை.

இது சிவமொக்காவின் நோய் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012-க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறு பகுதிகளிலும் அது தெரிந்திருக்கிறது. நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. கூடலூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களும், பாக்குக்காகவும் மிளகுக்காகவும் மலைநாடு போய்வரும் எங்கள் பகுதி ஆட்களும் காய்ச்சலோடு சேலத்திலோ கோவையிலோ ஈரோட்டிலோ படுக்க நேர்ந்தால், முதல் வாரத்திலேயே ஒரு குழாய் ரத்தத்திலிருந்து சீரம் எனப்படும் தெளிநீரைப் பிரித்துக் குளிர்நிலையில் எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். என்ன நோய் என்று பின்னால் சந்தேகம் வந்தாலும் அந்த நாளின் ரத்தம் கையில் இருக்கும். எனக்கு அது இல்லாமல் போனதால்தான் மூன்றாம் வாரத்து ரத்தத்தோடு போராட வேண்டியிருந்தது.

டெங்கு என்ற பெயரில் நான் கொடுத்த கோரிக்கையில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்டது. நோயின் பெயரைத் திருத்திய சான்றோடு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது. இரண்டு ஐஜிஜி அளவுகளும் ஐஜிஎம் முடிவும் உள்ள ஆய்வகத் தாள்களின் நகலை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலும் கைப்பேசியிலும் வைத்திருக்கிறேன்; இனி எந்த ஆண்டு எந்தக் காய்ச்சலுக்கு டெங்கு ஐஜிஜி எடுத்தாலும் பாசிட்டிவ் வரக்கூடும் என்பதால், ஊசி குத்துவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் நீட்டிவிடுகிறேன்.